போயிட்டு வாங்க

புத்தகத்தின் வலது கீழ்மூலை ஈரமாக இருந்தது.

வேதா முதலில் மழையைத்தான் திட்டினாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து திருவண்ணாமலையில் நாள் தவறாமல் மழை. மருத்துவக் கல்லூரி நூலகத்தின் தரைத்தளச் சுவர்களெல்லாம் ஓதம் ஏறி, தொட்டால் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆனால் ஓதத்தில் கிடந்த புத்தகம் முழுசாக நமுத்துப் போகும். இப்படி ஒரு விரல் பட்ட அளவுக்கு மட்டும் நனையாது. பக்கத்தைத் தள்ளினாள். அடுத்த பக்கத்திலும் அதே மூலை. அதற்கடுத்ததிலும். யாரோ நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டியிருக்கிறார்கள். முகர்ந்து பார்த்தாள். எச்சில் வாடை இல்லை. கண்ணைக் கரித்துக்கொண்டு மூக்கின் உச்சிக்கு ஏறும் நெடி. பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின்.

உடற்கூறு வகுப்பு முடிந்து கையைக் கழுவாமல் வந்த முதல் வருடத்துப் பிள்ளைகளின் வேலை என்று முணுமுணுத்தபடி புத்தகத்தை மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தாள். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. கோட்டு போட்ட பிள்ளைகளுக்கு மாடியில் தனி நூலகம் இருக்கிறது. அவர்கள் கீழே இறங்கி வந்து, சிறுநீரகத்தைப் பற்றிப் பெரிய எழுத்தில் அச்சடித்த தமிழ்ப் புத்தகத்தைப் படிக்க வேண்டிய அவசியம் என்ன?

கீழே இருப்பது பொதுமக்களுக்கான கூடம். சிகிச்சைக்கு வந்தவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள், ஒன்றுக்கும் வராமல் மின்விசிறிக்காக மட்டும் வந்தவர்கள், யார் வேண்டுமானாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து தங்கள் நோயைத் தமிழில் படித்துக்கொள்ளலாம். "சுகர் எறங்கற புக்கு எதும்மா?" என்று கேட்டு வருவார்கள். மூலநோய்ப் புத்தகத்தைத் தினசரிக்குள் ஒளித்துக்கொண்டு, உலகச் செய்தி படிக்கிற முகத்தோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். பரிசோதனைத் தாளை நீட்டி, "இதுல பயப்படறாப்பல எதுனா எழுதிக்கீதா, பாத்து சொல்லு" என்பார்கள். வேதா எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாள். கிளம்பும்போது ஒருவரையும் சும்மா விடமாட்டாள்.

"போயிட்டு வாங்க."

கூடத்தில் ஏவல் வேலை பார்க்கும் ஜானி பாஷாவுக்கு இது தீராத வேடிக்கை. "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள யாராவது திரும்பி வாங்கன்னு சொல்லுவாங்களா வேதாம்மா? நல்லா கீது உங்க உபசாரம்!" என்று தாடியைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். வேதாவும் சிரிப்பாள். ஆனால் விடமாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் பிரசாத் ஒரு நாள் காலையில் ஹெல்மெட்டைக் காணோமென்று வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு, அது கிடைக்காத எரிச்சலில் "போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். தினமும் சொல்வதுபோல் "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. வேலூர் ரோட்டில் லாரி. வேதா படித்தவள்தான். ஒரு சொல் விட்டுப்போனதால் லாரி வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? இப்போது மிச்சமிருப்பது இனியா ஒருத்தி. இரண்டாம் வகுப்பு. காலையில் பள்ளி ஆட்டோவில் ஏறும்போது அவள் மறந்துபோய் "போறேம்மா" என்றால் போச்சு, ஆட்டோவை நிறுத்தி, பிள்ளையைக் கீழே இறக்கி, "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்துத்தான் மறுபடி ஏற்றுவாள். ஆட்டோக்காரருக்கே இது பழகிவிட்டது.

பள்ளி விட்டதும் ஆட்டோ இனியாவை நூலகத்தில் இறக்கிவிடும். ஜன்னலோர மூலை மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கேதான் அவளுக்கு ஆதிமூலம் தாத்தா சிநேகமானார்.

கீழ்பென்னாத்தூரில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த விவசாயி. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டது, சர்க்கரையில் கண்ணும் மங்கிவிட்டது. சிகிச்சைக்கு வந்த நாளெல்லாம், முடிந்ததும் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுவார். படிக்கத் தெரியும், பார்க்கத்தான் முடியாது. ஆனாலும் புத்தகத்தைத் தானே மடியில் வைத்துக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் தள்ளுவார். வேதா பக்கத்தில் நின்று வாசிப்பாள். வேட்டி மடிப்பிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து இனியாவின் கையில் கொட்டுவார். அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பேர். சாயங்காலமானால் இனியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "படி வருது தாத்தா, பாத்து," என்று சொல்லிச் சொல்லி வெளிவாசல் பஸ் நிறுத்தம்வரை கூட்டிப்போவாள். பஸ் ஏற்றிவிட்டு, கடலையை மென்றுகொண்டே திரும்பி வருவாள்.

உடல்தானம் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை அவர்தான் கேட்டு வாங்கினார். வேதா முழுக்க வாசித்துக் காட்டினாள். கண்ணை வீட்டிலேயே வந்து எடுத்துப் போவார்கள், உடம்பு கல்லூரிக்கு வரும், பிள்ளைகள் படிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரிம்மா. கண்ணையும் குடுத்துட்டு, எரிக்காம பொதைக்காம இங்க கெடந்தா, அப்புறம் போற வழி எப்பிடித் தெரியும்? அது எழுதலியா?"

"அது புக்குல இல்லீங்க ஐயா."

மூலையிலிருந்து இனியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன் தாத்தா," என்றாள். அவள் பஸ் நிறுத்தத்தை நினைத்துச் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஆதிமூலம் இறந்துபோனார். எழுதிக் கொடுத்தபடியே கண்ணை எடுத்துக்கொண்டு, உடம்பைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். "அவருக்குப் படிச்சுக் காட்டினவ நீ, நீயும் வாம்மா," என்று அவர் சம்சாரம் தங்கம்மாள் ஆளனுப்பியதால் வேதாவும் உடற்கூறு கூடத்துக்குப் போனாள். வராந்தாவின் கோடியில், சில படிகள் இறங்கினால் அந்தக் கூடம். பிள்ளைகள் கைகூப்பி வரிசையாக நின்றார்கள். வெள்ளைத் துணிக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. மூடிய இமைகள், உள்ளே பஞ்சு வைத்திருந்ததால் புடைத்துக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை. துக்கத்தில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் ஏது? தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு உள்ளறைக்குள் நுழைந்தது.

"போயிட்டு வாங்க ஐயா," என்றாள் வேதா.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு மாணவி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாசலோரம் நின்ற ஜானி பாஷா தலையைக் குனிந்துகொண்டார். வேதாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அன்று ராத்திரி சாப்பிடவே முடியவில்லை. ஆனாலும் வாய் தவறியதுதானே என்று சில நாளில் மறந்தும் போனாள்.

அதன் பிறகுதான் இந்த ஈரப் பக்கங்கள்.

காயவைத்த புத்தகம் மறுநாள் மறுபடி நனைந்திருந்தது. விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து. அதற்கு மறுநாள், பூட்டிவிட்டுப் போன கூடத்தைக் காலையில் திறந்தபோது, மேசைக்குள் தள்ளி வைத்திருந்த நாற்காலி ஒன்று வெளியே இழுபட்டிருந்தது. அவர் உட்காரும் நாற்காலி. அதன் கால்களைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. வேதா அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒழுக்கு இல்லை. ஜானி பாஷா துடைப்பானைக் கொண்டுவந்து துடைத்தார். வழக்கமாகத் துடைக்கும்போது பத்து குறை சொல்கிறவர் அன்று வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலங்கள் மாறத் தொடங்கின. மழை இருட்டில் கடைசி வாசகரும் கிளம்பிப் போய், குழல்விளக்கின் ரீங்காரமும் மின்விசிறியின் கறகறப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில், அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். உதட்டிலிருந்து விரலை எடுக்கும்போது எழுகிற மெல்லிய ஈரச்சத்தம், அதைத் தொடர்ந்து தாள் புரளும் சரசரப்பு. வேதா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். எழுந்திருக்க மாட்டாள். பார்த்துவிட்டால் பிறகு பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்ற பயம்.

ஒரு நாள் துணி துவைக்கும்போது இனியாவின் பள்ளிச் சீருடைப் பையில் கடலைத் தோல் கிடைத்தது. ஊறிப்போன தோல். அதிலும் அந்த நெடி.

"யாரு குடுத்தாடி இது?"

"தாத்தா."

"எந்தத் தாத்தா?"

"நம்ம தாத்தாம்மா. லைப்ரரி தாத்தா." இனியா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கை ரொம்ப ஜில்லுன்னு கீது அவருக்கு. பஸ் ஸ்டாப்புக்கு வேணாம், வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு சொல்றாரு. அம்மாவக் கேட்டுட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டேன்."

வேதா சோப்பு நுரைக் கையோடு பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். என்னம்மா, என்னம்மா என்று இனியா நெளிந்தாள்.

மறுநாள் ஜானி பாஷாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நானும் பாத்தேம்மா. ஆளை இல்ல, தடத்த. அந்தக் கோடிலேர்ந்து வராந்தா நெடுக ஈரக்கால். வரும், இந்த நாக்காலி வரைக்கும். திரும்பிப் போன தடமே கெடையாது." குரலைத் தாழ்த்தினார். "எங்கள்ல சாவு வீட்டுல மையத்து எடுத்தா ஒருத்தரும் சொல்லிட்டுக் கெளம்பமாட்டோம். உங்கள்லயும் அப்பிடித்தானே? நீங்க அன்னிக்கு வாய்விட்டு வாங்கன்னுட்டீங்க. நல்ல மனுஷன். மரியாதயா கூப்ட்டாங்களேன்னு வந்துட்டாரு."

"இப்ப நான் என்ன பண்றது பாய்?"

"அது எனக்குத் தெரியலியேம்மா," என்றார். பொய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

விடுமுறை நாளில் வேதா பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனாள். தங்கம்மாள் வீட்டுக் கூடத்தில் சாக்கை விரித்து, மழைக்கு நனைந்த மல்லாட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஆயாசத்தோடு உட்கார்ந்து, வேதா தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டார். நம்பமாட்டார், திட்டி அனுப்புவார் என்றுதான் வேதா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அங்க வராரா?" தங்கம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "இங்க வரலியேம்மா. தெனம் வெளக்கு வெச்சுட்டு வாசலயே பாத்துனு உக்காந்திருக்கேன். எப்பிடி கீறாரு? எளச்சிட்டாரா?"

"நான் பாக்கலீங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு. எங்கிட்ட இருக்கறது ஒரே பொண்ணு. அவரைப் போகச் சொல்லணும். எப்படிச் சொல்லணும், சொல்லுங்க."

"போங்கன்னு சொல்லிப் பாரு. நீ கூப்ட்டதுதானே, நீ சொன்னா கேப்பாரு." கடலையைக் கிளறிவிட்டார். "ஆனா அவரு கண்ணில்லாத மனுஷனாச்சே. தனியா எப்பிடிப் போவாரு? உன் பாப்பா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் அவருக்கு தைரியம். அந்தப் பாப்பாவப் பத்தியேதான் எந்நேரமும் பேசுவாரு."

வேறெதுவும் நினைத்துச் சொல்லவில்லை அந்த அம்மாள். புருஷன்மேல் உள்ள பரிவில் சொன்ன வார்த்தை. வேதா அதற்கு மேல் உட்காரவில்லை. கையில் திணித்த கடலைப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

அன்றோடு இனியா நூலகத்துக்கு வருவது நின்றது. வேங்கிக்காலில் பக்கத்து வீட்டு வினோதினி, பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். லீவு எடுக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஒப்பந்த வேலையில் லீவு என்பது வேலைக்கே முழுக்கு. வேதா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை வராததால் அவர் தேட ஆரம்பித்தார்.

இப்போது பக்கம் புரளும் சத்தம் இல்லை. கைத்தடி. டொக். அலமாரியின் காலில் தட்டும். டொக். மேசையின் காலில். விளக்கெரியும் வெளிச்சத்திலேயே ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் அலமாரி வரிசைகளுக்கிடையில் பொறுமையாக நகரும். இனியாவின் மூலை மேசை வரை போகும். அங்கே நிற்கும். அவள் நாற்காலி தானாகப் பின்னால் இழுபடும். உட்காரும் இடத்தைத் துணியால் துடைப்பதுபோல் ஒரு உரசல். யாரும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு, தண்ணீர் கொப்பளிக்கிறாற்போல.

ஒரு நாள் வேதா மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போங்க. ஒரே சொல். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.

"ஐயா," என்றாள். தடிச்சத்தம் நின்றது. கேட்கிறார். "ஐயா... போ..."

பிரசாத்தின் முதுகு தெரிந்தது, வாசலில், ஹெல்மெட் இல்லாமல்.

"...யிட்டு வாங்க," என்றது அவள் வாய்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்? அலமாரிக்குப் பின்னால் தடி ஒரு முறை தரையில் தட்டியது. சரிம்மா என்று சொல்வதுபோல.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு ஊரே பொங்கி வழிந்தது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக மலை கழுவிவிட்டதுபோல் தெரிந்தது. கூடத்துக்கு மத்தியானத்துக்கு மேல் ஒரு ஈ காக்கை வரவில்லை.

"நான் கெளம்பறேம்மா. வுட்டா வண்டி கெடைக்காது," என்று ஜானி பாஷா குடையை எடுத்தார். நின்றார். "நீங்களும் சீக்கிரம் மூடிட்டுப் பொறப்படுங்க. இன்னிக்கு வேணாம்."

"இதோ மூடிடறேன் பாய். போயி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரிடம்கூடச் சொல்லப் பயமாக இருந்தது. அவர் புரிந்துகொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்தினாள். கணினியை அணைத்தாள். பைக்குள் சாப்பாட்டு டப்பாவை வைக்கும்போது மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அதற்கப்புறம் வந்த அமைதியில், வராந்தாவின் கோடியிலிருந்து, படி ஏறும் சத்தம் கேட்டது.

டொக்.

இன்றைக்கு அவர் இன்னும் உள்ளே வரவில்லை. இப்போதுதான் வருகிறார். வேதா ஓடினாள். வாசலின் மடக்குக் கம்பிக்கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினாள். கம்பிகளுக்கிடையில் கையை விட்டு, வெளிப்பக்கம் தொங்கிய பூட்டைப் பூட்டி, சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டொக். டொக். நெடி முன்னால் வந்தது. கண்ணில் நீர் கோத்தது. பின்வாங்கிப் போய் மேசைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

தடி கம்பியில் பட்டது. ஒரு கம்பி. அடுத்த கம்பி. பூட்டின்மேல் பட்டு அது ஆடிற்று. பிறகு ஒன்றுமில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஓசை. அவர் காத்திருந்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு தடி திரும்பியது. வெளிவாசல் பக்கமாக, தட்டித் தடவி, தட்டித் தடவி, தேய்ந்து மறைந்தது.

போய்விட்டார். கூப்பிட்டவள் கதவைச் சாத்திவிட்டாள், ரோஷப்பட்டுப் போய்விட்டார். வேதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தங்கம்மாளிடம்கூடக் கேட்டிருக்க வேண்டாம், இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

கைப்பேசி அடித்தது. வினோதினி. பின்னால் கூட்டத்தின் இரைச்சல், நாதஸ்வரம்.

"அக்கா, எத்தினி வாட்டி போடறது? லைனே கெடைக்கல. நாங்க எல்லாரும் கிரிவலம் கெளம்பிட்டோம், இப்பதான் கூட்டத்துல கலந்தோம். இனியா கூட்டத்துல நடக்கமாட்டான்னு உங்க காலேஜு கேட்டுலயே எறக்கி வுட்டுட்டேன். வந்துட்டாளா?"

"என்ன சொல்றே?"

"அதான்க்கா, வந்துட்டாளா? தாத்தா நிக்கறாரு, கூட்டிட்டுப் போவாருன்னு சொன்னா. யாரு, அந்த பாயா?"

கைப்பேசி கையிலிருந்து நழுவியது.

வராந்தாவில் சின்னக் குரல் வந்தது. கணீரென்று, ஒரு பயமும் இல்லாமல்.

"இந்தப் பக்கம் தாத்தா. அங்க தூணு கீது, பாத்து."

வேதா கம்பிக்கதவில் போய் மோதினாள். நிலா வெளிச்சம் வராந்தாவில் பாதிதூரம்தான் விழுந்திருந்தது. அந்தப் பாதியில் இனியா வந்துகொண்டிருந்தாள். சீருடை. முதுகில் பை. செருப்பில்லை, நூலகத்துக்குள் செருப்போடு வரக்கூடாது என்று படியிலேயே கழற்றிவிட்டிருக்கிறாள். வலது கை தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. யாரோ பெரியவர் பிடித்திருக்கிற உயரத்தில். அந்தக் கையைச் சுற்றி, வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய விரல்கள். மணிக்கட்டுக்கு மேல் இருட்டு. இருட்டுக்குள், இனியாவின் தலைக்கு வெகு மேலே, இரண்டு வெள்ளைப் பஞ்சு.

"இனியா! இங்க வாடி! அம்மாகிட்ட வா!"

"வரேம்மா. தாத்தாவுக்கு வழி தெரியல. ரோட்டுக்கே போய்ட்டாரு பாவம்."

முந்தானை முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியோடு கையைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பூட்டைத் தேடினாள். சாவி பூட்டில் உரசியது. வழுக்கியது. வெளியே தரையில் விழுந்து துள்ளி, கைக்கு எட்டாத தூரத்தில் போய்க் கிடந்தது.

தரையில் படுத்தாள். தோள்வரை கையை நுழைத்தாள். எட்டவில்லை. ஒரு சாண் எட்டவில்லை.

"கண்ணு. அந்தச் சாவிய எடுத்து அம்மாகிட்ட குடு. சீக்கிரம்."

இனியா குனிந்தாள். வலது கையை இழுத்துப் பார்த்தாள், பிடி விடவில்லை. இடது கையால் சாவியை எடுத்தாள். கம்பிக்கு அருகே வந்தாள். வேதாவின் விரல் நுனிக்கு நேராக. நிறுத்திவிட்டாள்.

"குடுடி!"

"இது எடது கைம்மா."

"பரவால்ல, குடு!"

"எடது கையால யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன? தாத்தாவும் தப்புங்கறாரு." அவள் மேலே, இருட்டைப் பார்த்தாள். ஏதோ கேட்டுத் தலையாட்டினாள். சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இவர விட்டுட்டு வந்து குடுக்கறேன். நீ போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டியாமே? அன்னிக்கும் சொன்னியாம், இன்னொரு நாளும் சொன்னியாம். அதான் வந்தாராம். இப்ப போவணுமாம்."

"போகட்டும். அவரு போகட்டும். நீ கைய விட்டுட்டு வா!"

"கண்ணு தெரியாதும்மா அவருக்கு."

அவள் திரும்பினாள். பக்கத்தில் இருட்டும் திரும்பியது. வேதா கத்தினாள். காவலாளி பெயரை, ஜானி பாஷாவை, சாமியை. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு ஆடியது. அவளே பூட்டிய பூட்டு.

"இனியா! சொல்லிட்டுப் போடி! போயிட்டு வரேன்னு சொல்லு! அது ஒண்ணாவது சொல்லு!"

பிள்ளை நின்றாள். வாயைத் திறந்தாள். அந்த வெளுத்த விரல்கள் அவள் கையை மெதுவாக ஒரு தடவை அழுத்தின. இனியா நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தாள்.

"போறேம்மா."

நிலா வெளிச்சம் முடிகிற இடத்தைத் தாண்டினார்கள். தடிச்சத்தம். வராந்தாவின் கோடி. அங்கே கீழே இறங்கும் படிகள்.

"படி வருது தாத்தா. பாத்து. கெட்டியாப் புடிச்சுக்கங்க."

அப்புறம் சத்தமில்லை.

வேதா கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தாள். கண்ணெதிரே, வராந்தா நெடுக, ஈரத்தடம் மினுங்கியது. பெரிய பாதம். அதற்குப் பக்கத்திலேயே சின்னப் பாதம். சின்னப் பாதத்தின் தடமும் ஈரமாகத்தான் இருந்தது, அதிலிருந்தும் கண்ணைக் கரிக்கும் அதே நெடி வந்தது.